இரட்டைமீனும் இணைமீனும்: விண்மீன் வகைப்பாடும் சொல்லாட்சியும்

1. முன்னுரை

இரண்டாய் அடுத்து வரும் சொற்களைத் தமிழ் இலக்கண நூலார் நுணுகி ஆராய்ந்துள்ளனர். ‘பாம்பு பாம்பு’ என்பது அடுக்குத்தொடர். ‘சலசல’ என்பது இரட்டைக்கிளவி. செவிக்கு இரண்டும் ஒரு தன்மையவே. ஆயின், அடுக்கினைப் பிரித்தால் ஒவ்வொரு சொல்லும் தன் பொருளோடு தனித்து நிற்கும். இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் சிதையும். தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் இரட்டைக்கிளவிக்கெனத் தனி நூற்பா வகுத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. தோற்றத்தால் ஒத்தவற்றைப் பிணைப்பால் வேறுபடுத்திக் காணும் இந்நெறி சொல்லாராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. விண்மீன் ஆராய்ச்சிக்கும் இன்றியமையாததாகும்.

வானத்தில் இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று நெருங்கித் தோன்றுதல் உண்டு. அந்நெருக்கம் காண்பார் கண்ணின் கோணத்தால் விளைந்ததாகவும் இருக்கலாம். ஈர்ப்பு விசையால் உண்மையாகவே பிணைப்புண்டதாகவும் இருக்கலாம். முன்னையது அடுக்கு, பின்னையது இரட்டைக்கிளவி. தமிழில் எழுதப்பெறும் அறிவியல் நூல்கள் பலவும் இவ்விரண்டையும் ‘இரட்டை விண்மீன்’ என்னும் ஒரு சொல்லாலேயே குறித்தல் காணலாம். இதனால் விளையும் மயக்கம் அறிவியலோடு நில்லாது, அருந்ததி முதலான விண்மீன்களைப் பற்றிய நம் இலக்கிய விளக்கங்களிலும் புகுந்துள்ளது. ஆதலின், இவ்விண்மீன்களின் வகைகளை முறைப்படக் கூறி, அவற்றிற்குப் பொருந்தும் சொற்களைத் துணிந்து, அத்துணிவின் வழி நின்று பழம்பாடற் செய்திகளை மதிப்பிடுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கட்டுரையில் நெருங்கித் தோன்றும் இரு மீன்களைப் பொதுவகையால் ‘இரட்டைமீன்’ என்றும், அவற்றுள் ஈர்ப்பால் பிணைந்து ஒரு பொதுமையத்தைச் சுற்றுவனவற்றை ‘இணைமீன்’ என்றும், பிணைப்பின்றித் தோன்றுவனவற்றைத் ‘தோற்ற இரட்டை’ என்றும் வழங்குவோம்.

2. தோற்ற இரட்டை

மகர ஓரையின் முதன்மீனைக் கூர்ந்து நோக்குவார்க்கு அஃது இரு மீன்களாகத் தோன்றும். அவற்றின் இடைவெளி ஏறத்தாழ 6 கலை. 60 கலை ஒரு பாகை ஆதலின், இது முழுமதியின் குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்கு எனலாம். ஆயின், அவ்விரண்டனுள் ஒன்று நமக்கு ஏறத்தாழ 100 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. மற்றையதோ அதனினும் பன்மடங்கு சேய்மைக்கண் உள்ளது. ஒன்றன்பின் ஒன்றாக நெடுந்தொலைவில் நிற்கும் இரு குன்றுகள், அவற்றை நேர்கோட்டில் நோக்குவானுக்கு ஒட்டி நிற்பனபோல் தோன்றுதல் போல்வது இது. இங்கே உறவு மீன்களுக்கு இடையே இல்லை. காண்பான் நிற்கும் இடத்தில் உள்ளது.

தோற்ற இரட்டை வெறும் மயக்கமே என்று தள்ளத்தக்கதன்று. அருகிலுள்ள மீனின் தொலைவை, அதன் பின்னே சேய்மைக்கண் நிற்கும் மீனை அளவுகோலாகக் கொண்டு காணலாம் என்னும் கருத்துக் கலிலியோ காலத்திலேயே தோன்றியது. பூமி கதிரவனைச் சுற்றுங்கால் அண்மை மீன் சேய்மை மீனை நோக்கச் சிறிது இடம்பெயர்ந்து காட்டும். அப்பெயர்ச்சி கொண்டு தொலைவைக் கணிக்கலாம் என்பது அதன் கருத்து. இக்கருத்தே பின்னர் எதிர்பாராத ஒரு கண்டுபிடிப்பிற்கு வழிவகுத்தது.

3. பிணைப்புத் துணியப்பட்ட வரலாறு

தொலைநோக்கி தோன்றிய பின்னர், கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றிய மீன்கள் பல இரண்டாகக் காணப்பட்டன. அவ்வரலாற்றில் தமிழகக் கடற்கரைக்கும் ஓர் இடம் உண்டு. 1689ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், புதுச்சேரியில் தங்கியிருந்த பிரெஞ்சு இயேசு சபைத் துறவி ஜான் ரிஷோ என்பார் ஒரு வால்மீனை நோக்கிக் கொண்டிருந்தபோது, தென்வானத்து ஒளிமிக்க மீனாகிய ஆல்பா சென்டாரி இரண்டாதலைக் கண்டார். கதிரவனுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் குடும்பம் அதுவே என்பதும், அவ்விரு மீன்களும் ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன என்பதும் பிற்காலத்தே தெளிந்த செய்திகள். ரிஷோ கண்டது இரட்டைமீன். அஃது இணைமீன் என்று அறிதற்குரிய கருவியும் கருத்தும் அவர் காலத்தில் இல்லை.

1767இல் ஜான் மிச்செல் என்னும் ஆங்கில அறிஞர் இப்பொருளை எண்ணியல் நெறியால் அணுகினார். விண்மீன்கள் யாதொரு தொடர்புமின்றி வானெங்கும் சிதறிக் கிடப்பனவாயின், இரண்டு மீன்கள் மிக நெருங்கித் தோன்றுதல் அரிதாதல் வேண்டும். ஆயின் அத்தகைய இரட்டைகள் எதிர்பார்க்கத் தகுந்த அளவினும் மிகுதியாக உள்ளன. எனவே அவற்றுட் பல உண்மையாகவே பிணைந்தன ஆதல் வேண்டும் என்பது அவர் முடிபு. கண்ணாற் காணாது கணக்காற் கண்ட முடிபு அது.

வில்லியம் ஹெர்ஷல் 1779 முதல் இரட்டைமீன்களைத் தேடித் தொகுக்கலானார். மேற்கூறிய தொலைவளக்கும் முறைக்குத் தோற்ற இரட்டைகளே அவருக்கு வேண்டியிருந்தன. 1782இலும் 1785இலும் அவர் அட்டவணைகள் வெளிவந்தன. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் அவற்றை மீண்டும் அளந்தபோது, புனர்பூச மீன்களுள் ஒன்றாகிய காஸ்டர் முதலிய சிலவற்றில், ஒரு மீன் மற்றொன்றைச் சுற்றி இடம் மாறியிருத்தலைக் கண்டார். பூமியின் ஆட்டை இயக்கத்தால் அம்மாற்றத்தை விளக்க இயலவில்லை. மீன்கள் தாமே சுற்றுகின்றன என்பதை 1803இல் அவர் வெளியிட்டார். தேடியது தோற்ற இரட்டை, கிடைத்தது இணைமீன்.

1827இல் பிரெஞ்சு அறிஞர் பெலிக்ஸ் சவாரி, பெருங்கரடிக் கூட்டத்தைச் சார்ந்த ஓர் இணைமீனின் சுற்றுப்பாதையை ஈர்ப்பு விதி கொண்டு கணித்து, அஃது ஏறத்தாழ 60 ஆண்டுகளில் ஒரு சுற்றினை முடிக்கும் எனக் காட்டினார். நியூட்டன் கதிரவக் குடும்பத்தில் கண்ட விதி விண்மீன்களுக்கும் உரியது என்பது இதனால் நிலைபெற்றது.

4. அறியும் நெறியால் நால்வகை

இணைமீன்களை வானியலார் நான்காக வகுத்துக் கூறுவர். இவ்வகைப்பாடு மீன்களின் இயல்பு பற்றியதன்று. நாம் அவற்றை அறியும் வழி பற்றியது. மணிமேகலையின் சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதை, அறிதற் கருவிகளாகிய அளவைகள் பத்தினை எடுத்துரைக்கும். அவற்றுள் தலையாயவை காண்டலும் கருதலும் ஆம். நால்வகை இணைமீன்களுள் முதல்வகை காண்டலால் அறியப்படுவது. ஏனைய மூன்றும் புகை கண்டு தீயுணர்தல் போலக் கருதலால் அறியப்படுவன.

(அ) கட்புல இணைமீன். தொலைநோக்கியில் இரு மீன்களும் தனித்தனியே காணப்படுவது. இவற்றின் இடைவெளி பெரிதாதலின் சுற்றுக்காலம் நீண்டது. சில ஆண்டுகள் முதல் பல நூற்றாண்டுகள் வரை செல்லும். காஸ்டரின் இரு பெருமீன்கள் ஒரு சுற்று முடிக்க நானூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. ஆகவே ஒருவர் தொடங்கிய அளவீட்டை மற்றொருவர் தொடர்ந்து முடிக்க வேண்டியுள்ளது.

(ஆ) அசைவுவழி இணைமீன். இங்குத் துணைமீன் காணப்படாது. காணப்படும் மீனின் நடையே அதனைக் காட்டிக் கொடுக்கும். விண்மீன்கள் வானில் மெல்ல மெல்ல நேர்கோட்டில் இடம்பெயர்தல் இயல்பு. வானிலேயே ஒளிமிக்க மீனாகிய சிரியஸ் அங்ஙனம் நேரே செல்லாது அலைபோல் வளைந்து செல்லுதலை பெசல் என்னும் செருமானிய அறிஞர் கண்டு, கட்புலனாகாத் துணை ஒன்று அதற்கு உண்டு என 1844இல் அறிவித்தார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1862 சனவரியில், ஆல்வன் கிரகாம் கிளார்க் என்பார் அத்துணையைக் கண்ணாற் கண்டார். கருதல் காண்டலாயிற்று.

கருதல் பிழைபடுதலும் உண்டு. சென்னை வானாய்வகத்தை நடத்திவந்த வி. எஸ். ஜேக்கப், பாம்புப்பிடாரன் கூட்டத்தைச் சார்ந்த 70ஆம் எண் இணைமீனின் சுற்றுப்பாதையில் ஒழுங்கின்மை உண்டெனக் கண்டு, அதற்குக் காரணம் கோள் போன்றதொரு பொருளாகலாம் என 1855இல் எழுதினார். பிற ஞாயிறுகட்குக் கோள் உண்டு என அளவீட்டின் துணைகொண்டு கூறப்பட்ட மிகப் பழைய கூற்றுக்களுள் இதுவும் ஒன்று. ஆயின் பின்வந்த அளவீடுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. அளவீட்டின் நுண்மை போதாதவிடத்துக் கருதலும் வழுவும் என்பதற்கு இது சான்று. அந்நுண்மை இக்காலத்துப் பெரிதும் வளர்ந்துள்ளது. 2013இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் செலுத்திய கையா விண்கலத்தின் அளவீடுகளிலிருந்து, தனித்தன அல்லாத விண்மீன் குடும்பங்களாக ஏறத்தாழ 8 இலட்சம் 2022இல் தொகுத்து வெளியிடப்பெற்றன. அவற்றுள் அசைவுவழி அறியப்பட்டனவும் ஏனை வழிகளால் அறியப்பட்டனவும் அடங்கும்.

(இ) நிறமாலை இணைமீன். ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காணுங்கால் அதனூடே கருங்கோடுகள் தோன்றும். நம்மை நோக்கி வரும் மீனின் கோடுகள் நீலத்தின் பக்கமும், நம்மை விட்டு அகலும் மீனின் கோடுகள் சிவப்பின் பக்கமும் நகரும். இரு மீன்கள் ஒன்றையொன்று சுற்றுங்கால், ஒன்று வரும்போது மற்றொன்று அகலும். அதனால் ஒரு கோடு இரண்டாகப் பிரிந்தும், மீண்டும் ஒன்றுபட்டும் காணப்படும். எட்வர்டு பிக்கரிங் இதனை 1889இல் அறிவித்தார். அவர் முதலில் அங்ஙனம் கண்ட மீன் யாது எனின், எழுமீனின் வாற்பகுதியில் நடுவண் நிற்கும் வசிட்டன் மீனேயாம். அதே ஆண்டில் அவருடன் பணியாற்றிய அன்டோனியா மோரி என்னும் அம்மையார் நான்கு நாட்களுக்குள் சுற்றிவரும் மற்றோர் இணையைக் கண்டார். துணைமீன் மிக மங்கியதாயின் அதன் கோடுகள் தோன்றா. ஒரு மீனின் கோடுகளே முன்னும் பின்னும் அசைந்து துணையை உணர்த்தும்.

(ஈ) மறைப்பு இணைமீன். சுற்றுப்பாதையின் தளம் நம் பார்வைக் கோட்டோடு ஒன்றுமாயின், ஒரு மீன் மற்றொன்றை முறைதவறாது மறைக்கும். அப்பொழுது ஒளி குறையும். அல்கோல் என்னும் மீன் இதற்கு எடுத்துக்காட்டு. அஃது ஏறத்தாழ 2 நாள் 20 மணி 49 நிமிடத்திற்கு ஒருமுறை மங்குதலை ஜான் குட்ரிக் 1783இல் வெளியிட்டு, இருண்டதொரு பொருள் அதனைச் சுற்றி வந்து மறைத்தல் காரணமாகலாம் என்றார். செவிப்புலன் இழந்த அவ்விளைஞருக்கு அப்பொழுது வயது பத்தொன்பதும் நிரம்பவில்லை. இருபத்தோராம் அகவையில், 1786இல், அவர் மறைந்தார். அவர் கருத்தை 1889இல் ஹெர்மன் ஃபோகல் நிறமாலை கொண்டு உறுதி செய்தார்.

இங்கு நோக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. அல்கோல் மறைப்பு இணைமீனும் ஆம். நிறமாலை இணைமீனும் ஆம். சிரியஸ் 1844இல் அசைவுவழி இணைமீன். 1862 முதல் கட்புல இணைமீன். மீன் மாறவில்லை, நம் அறிவே மாறியது. எனவே இந்நால்வகை ஒன்றையொன்று விலக்கும் பிரிவுகள் அல்ல.

5. தன்மையால் மூவகை

இணைமீன்களை அவற்றின் தன்மை பற்றி வகுத்த வகைப்பாடும் உண்டு. ஒவ்வொரு மீனைச் சுற்றியும் அதன் ஈர்ப்பே மேலோங்கி நிற்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைப் பிரெஞ்சு அறிஞர் எட்வார் ரோஷ் பெயரால் ரோஷ் எல்லை மடல் என்பர். அம்மடலை மீன் நிரப்புகின்றதா என்பதைக் கொண்டு ஸ்டெனெக் கோப்பல் 1955இல் மூவகை கூறினார். இரு மீன்களும் தத்தம் மடலுக்குள் அடங்கி நிற்பின் விலகிய இணை. ஒன்று மட்டும் தன் மடலை நிரப்பின் அரைவிலகல் இணை. இரண்டும் நிரப்பி ஒன்றையொன்று தொட்டு நிற்பின் தொடுநிலை இணை.

இப்பகுப்பினால் ஒரு பெரும்புதிர் விடுபட்டது. எடை மிகுந்த மீன் தன் எரிபொருளை விரைவில் தீர்த்து முதலில் முதுமை எய்தும் என்பது விண்மீனியலின் அடிப்படைக் கொள்கை. அல்கோலிலோ எடை குறைந்த மீனே முதிர்ந்து வீங்கிய நிலையில் உள்ளது. எடை மிகுந்தது இளமை மாறாதிருக்கிறது. இதற்கு விடை யாதெனின், இன்று எடை குறைந்து காண்பது முன்பு எடை மிகுந்திருந்தது என்பதாம். முதிர்ந்து வீங்கித் தன் மடலை நிரப்பியதும் அதன் பொருள் துணைமீன்மேல் வழிந்தது, கொடுத்தது மெலிந்தது, கொண்டது பெருத்தது. ஆகவே பிணைப்பு என்பது சுற்றிவருதல் மட்டுமன்று. ஒன்றன் வாழ்வை மற்றொன்று மாற்றியமைத்தலும் ஆகும். தோற்ற இரட்டைக்கும் இணைமீனுக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்தே முழுமை பெறுகின்றது.

6. எடை அறிதல்

இணைமீன்களால் வானியல் பெற்ற தலையாய பயன் விண்மீன்களின் எடையை அறிதலாகும். தனித்து நிற்கும் மீனின் ஒளியை அளக்கலாம். எடையை நேரே அளத்தல் அரிது. இரண்டு மீன்கள் சுற்றுமாயின் ஈர்ப்பு விதியே துலாக்கோலாகும். அவற்றின் சராசரி இடைவெளியைப் பூமிக்கும் கதிரவனுக்கும் உள்ள தொலைவை அலகாகக் கொண்டு அளந்து, அவ்வெண்ணை மும்மடியாக்கி, ஆண்டுக் கணக்கிலான சுற்றுக்காலத்தின் இருமடியால் வகுத்தால், இரு மீன்களின் கூட்டு எடை கதிரவனின் எத்துணை மடங்கு என்பது கிடைக்கும்.

சிரியசை எடுத்துக்கொள்வோம். இடைவெளி ஏறத்தாழ 20, மும்மடி 8,000. காலம் ஏறத்தாழ 50 ஆண்டு, இருமடி 2,500. வகுக்கக் கிடைப்பது 3.2, நுண்ணிய அளவீடுகளால் இது 3.1 அளவாகும். பொதுமையத்திலிருந்து ஒவ்வொன்றும் நிற்கும் தொலைவை ஒப்பிட, பெருமீன் கதிரவனைப்போல் இருமடங்கும், மங்கிய துணை ஏறத்தாழ ஒருமடங்கும் எடையுடையன என்பது போதரும். அத்துணை மீனின் பருமனோ பூமியின் அளவினதே. கதிரவன் அளவு எடை பூமியளவு இடத்தில் அடங்கியுள்ளது! வெண்குறுமீன் எனப்படும் இத்தகைய மீன்களுக்கு எடையின் மேல்வரம்பு உண்டு என்று 1930களில் நிறுவியவர் சு. சந்திரசேகர். துணையின்றி நின்றிருப்பின் சிரியசின் இச்சிறுமீன் தன் எடையை இத்துணை எளிதில் நமக்கு உணர்த்தியிராது.

7. அருந்ததி: இலக்கியமும் வானியலும்

இனி, நம் இலக்கியத்துள் பயின்ற இரட்டையை நோக்குவோம். வசிட்டன் மீனுக்கு 12 கலை அளவு இடைவெளியில் சிறிதாய் ஒளிர்வது அருந்ததி. சங்கச் சான்றோர் இதனை வடமீன் என்பர். புறநானூற்றின் 122ஆம் பாட்டில் கபிலர் மலையமான் திருமுடிக்காரியின் மனைவியது கற்புக்கு வடமீனை உவமை கூறுகின்றார். பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார் அதனைச் சிறுமீன் என்றே குறிக்கின்றார். சிலப்பதிகாரத்து மங்கல வாழ்த்துப் பாடலும் கண்ணகியை அம்மீனோடு ஒப்பிடுகின்றது. திருமணத்தில் அருந்ததி காட்டும் வழக்கு இன்றும் நிலவுகின்றது.

அண்மைக் காலத்தில், ‘வசிட்டனும் அருந்ததியும் ஒன்றையொன்று சுற்றும் இணைமீன்கள், நம் முன்னோர் அதனை அறிந்தே மணமக்கட்குக் காட்டினர்’ என்னும் கருத்துப் பெரிதும் பரவி வருகின்றது. இஃது ஆராய்ச்சிக்குரியது.

முதலாவது, மேற்காட்டிய இலக்கிய இடங்களில் சுற்றுதல் பற்றிய குறிப்பு யாதும் இல்லை. அங்கெல்லாம் வடமீன் கற்பின் சிறப்பிற்கே உவமையாய் நிற்கின்றது. உருத்திரங்கண்ணனார் ‘சிறுமீன்’ எனத் தேர்ந்த சொல் கூர்ந்து கண்டதன் விளைவு. அதுவே அவர் காட்சித் திறனுக்குப் போதிய சான்று.

இரண்டாவது, வானியல் கூறுவதும் அத்துணை எளிதன்று. வசிட்டன் மீன் தொலைநோக்கியில் 14 விகலை இடைவெளியில் இரண்டாகப் பிரிவது 1617 முதல் அறியப்பட்டது. பிரிந்த இரண்டும் தனித்தனியே நிறமாலை இணைமீன்கள். ஒன்று 20 நாட்களுக்குச் சிறிது மேலான காலத்தும் மற்றொன்று ஏறத்தாழ 176 நாளிலும் சுற்றி முடிகின்றன. அருந்ததிக்கும் மங்கிய துணை உண்டென்பது 2009இல் கண்டறியப்பட்டது. ஆகவே கண்ணுக்கு இரண்டு, உண்மையில் ஆறு. அவ்வாறனுள் வசிட்டன் தொகுதிக்கும் அருந்ததிக்கும் இடையே ஈர்ப்புப் பிணைப்பு உண்டெனக் கருதச் சான்றுகள் உள்ளன. அவை இரண்டும் ஒரே திசையில் உடன்செல்லும் விண்மீன் குழுவைச் சார்ந்தவையும் ஆம். ஆயினும் பிணைப்பு ஐயமற முடிந்ததன்று.

மூன்றாவது, பிணைந்தன என்றே கொள்வோம். அவை ஏறத்தாழ 80 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளன. 12 கலை இடைவெளி அத்தொலைவில் பூமி-கதிரவன் தொலைவைப்போல் ஏறத்தாழ 18,000 மடங்காகும். இது குறைந்த அளவே. முன் பகுதியிற் கூறிய கணக்கின்படி அத்துணை இடைவெளியில் ஒரு சுற்று முடிய இலட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். தலைமுறை நூறு தொடர்ந்து நோக்கினும் வெறுங்கண்ணால் அச்சுழற்சியை உணர இயலாது. எனவே ‘முன்னோர் கண்டறிந்தனர்’ என்பது சான்றில்லாக் கூற்றேயாம். இல்லாத அறிவை ஏற்றிக் கூறுதல் முன்னோர்க்குப் பெருமை சேர்ப்பதாகாது. உள்ள காட்சிநுட்பத்தையும் மறைத்துவிடும்.

வடநூலார் வழங்கும் தூலாருந்ததி நியாயம் இங்குக் கருதத்தக்கது. சிறிய அருந்ததியை நேரே காட்டுதல் அரிதாகலின், அருகுள்ள பெருமீனை முதலிற் காட்டி, அதன்வழியே சிறுமீனுக்குக் கண்ணைச் செலுத்துவர். தெரிந்ததினின்று தெரியாததற்குச் செல்லும் இந்நெறிக்குப் பெயர் தந்த அதே மீன்களிடத்தில்தான், தொலைநோக்கியும் நிறமாலையும் கண் காணாதவற்றை ஒவ்வொன்றாக வெளிப்படுத்தின.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சொல்லாக்கத்திற்குரிய முடிபுகள் மூன்று பெறப்படும். நெருக்கத் தோற்றம் மட்டும் கருதுமிடத்து ‘இரட்டைமீன்’ என்றும், பிணைப்புத் துணிந்தவிடத்து ‘இணைமீன்’ என்றும் வேறுபடுத்தி வழங்குதல் வேண்டும். பின்னதனை ‘இரும விண்மீன்’ என வழங்குவாரும் உளர். எச்சொல்லைக் கொள்ளினும் இரண்டினையும் கலவாமையே வேண்டப்படுவது. கட்புலம், அசைவு, நிறமாலை, மறைப்பு என்னும் அடைகள் அறியும் நெறியைக் குறிப்பன. விலகல், அரைவிலகல், தொடுநிலை என்பன மீனின் தன்மையைக் குறிப்பன. இவ்விரு வரிசைகளையும் ஒன்றாக எண்ணி ‘ஏழுவகை’ எனக் கூறுதல் வழுவாகும். பிணைப்பு ஐயத்திற்குரியதாயின், வசிட்டன்-அருந்ததியைப்போல, இரட்டைமீன் என்னும் பொதுச்சொல்லே ஏற்புடைத்து.

அடுக்கையும் இரட்டைக்கிளவியையும் ஒன்றெனக் கொள்ளும் மாணவனை நாம் திருத்துகின்றோம். வானத்துச் சொற்களிலும் அதே விழிப்பு நமக்கு வேண்டும். தோன்றுவது வேறு, துணியப்படுவது வேறு எனப் பிரித்துணர்தல் இலக்கணத்திற்கும் வானியலுக்கும் பொதுவாகிய அறநெறியாகும்.